தையல் மிஷினும் மாமன் பட்டறையும்

நம்ம சனங்களுக்குத் தொழில் தெரியாது என்று முதலில் சொன்னவன் யார்? சர்க்கார் தாளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இதே பாட்டுதான். திறன் இல்லை, திறன் குறைவு, திறன் மேம்பாடு. அறுபதடிக் கிணற்றைக் கடப்பாரையால் இறக்கியவனுக்குத் திறன் இல்லை. செத்த மாட்டை உரித்து, பதப்படுத்தி, கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவனுக்குத் திறன் இல்லை. எந்த மடைக்கு எவ்வளவு நேரம் தண்ணி விட்டால் கடைமடை காயாது என்று நட்சத்திரத்தைப் பார்த்தே கணக்குச் சொன்ன நீர்க்கட்டிக்குத் திறன் இல்லை. நாள் முழுக்க நாற்று நட்டு, திரும்பிப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி வரிசை நிற்க வைக்கிற பெண்களுக்கும் திறன் இல்லையாம். இதையெல்லாம் எவனும் தொழில் என்று எழுதவில்லை. சாதி என்று எழுதிக்கொண்டான். கூலியையும் அதற்கேற்ற மாதிரி அளந்தான்.

தொழிற்பயிற்சிக்கு சர்க்கார் செலவழிக்கிற பணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன், இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் அந்தப் பணத்தை நமக்குத் தருகிறவர்கள், ஒன்றும் தெரியாதவனுக்கு ஏதோ கற்றுக் கொடுக்கிற தோரணையில்தான் தருகிறார்கள்.

அது எவன் அப்பன் வூட்டுக் காசு? அதையும் பார்த்துவிடலாம். 1979இல் சிறப்புக்கூறுத் திட்டம் என்று ஒன்று வந்தது. மக்கள்தொகையில் நாம் எத்தனை பங்கோ, திட்டச் செலவில் அத்தனை பங்கு நமக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். இதுதான் அதன் சாரம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 லட்சம் பேர், 20 விழுக்காடு. அய்ந்தில் ஒரு பங்கு. பிறகு அதற்குத் துணைத்திட்டம் என்று பேர் மாற்றினார்கள். 2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பாகுபாட்டையே மைய அரசு எடுத்துவிட்டது. எதில் பங்கு என்று கேட்பதற்கான அடிப்படையே ஆட்டம் கண்டது. ஆந்திராவும் கர்நாடகமும் 2013இலேயே இந்த ஒதுக்கீட்டுக்கு சட்டம் போட்டன. சமூக நீதி மண் என்று மார்தட்டுகிற தமிழ்நாட்டுக்கு அந்தச் சட்டம் 2024இல்தான் வந்தது. பதினோரு வருசம் பின்னால்.

சட்டம் இல்லாத காலத்தில் பணம் எங்கே போனது என்பது ஒளிவுமறைவான சங்கதி அல்ல. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது நம்ம பங்கிலிருந்து நூற்றுக்கணக்கான கோடிகள் விளையாட்டு வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளியே கொண்டுவந்த பிறகு நாடாளுமன்றத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்காக 1,540 கோடி ரூபாய் துணைத்திட்ட நிதியிலிருந்து எடுக்கப்படுவதாகச் சொல்லி, பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம் தமிழ்நாட்டு அரசிடம் விளக்கம் கேட்டது. 'உங்க பொம்பளைங்களுக்கும்தானே அந்தக் காசு போவுது' என்று ஒரு கழகத் தோழர் என்னிடம் சண்டைக்கு வந்தார். போகட்டும். எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கிற பணத்தை எல்லாருக்குமான பையிலிருந்து எடுத்துக் கொடு. நம்ம பெண்களுக்கு மட்டும் நம்ம பையிலிருந்தே எடுத்து, அதைத் தனி உதவி என்று கணக்கெழுதாதே. இவ்வளவுதானே கேட்கிறோம்.

சரி, திருப்பிவிடாமல் மிச்சமிருக்கிற பணத்தில் ஒரு பகுதி தொழிற்பயிற்சிக்கு வருகிறது. அது எங்கள் தெருவில் என்னவாக வந்து இறங்குகிறது? தையல் மிஷினாக.

என் அண்ணி மூன்று தடவை தையல் பயிற்சி எடுத்திருக்கிறார். மூன்றும் வேற வேற திட்டம், வேற வேற ஆபீசு. அதே சமுதாயக் கூடம், பாதிக்கு மேல் அதே பெண்கள், அதே ஜாக்கெட்டு, அதே பாவாடை நாடா. மூன்று சான்றிதழும் பிளாஸ்டிக் உறையோடு பீரோவுக்குள் இருக்கின்றன. ஒரு தடவை மிஷினும் கொடுத்தார்கள். அதன்மேல் இப்போது மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது. 'ஏன் அண்ணி தைக்கிறதில்ல?' என்று கேட்டால் அவர் சொல்கிற பதிலில் பெரிய பெரிய ஆய்வுக் கட்டுரைகள் அடங்கிவிடும். 'யாருக்குத் தைக்கிறது? நம்ம தெருவுல முப்பது பேருக்கு மிஷின் இருக்குது. ஊர்த்தெருவுல இருந்து எவ வந்து எங்கிட்ட அளவு குடுக்கப் போறா?'

அளவு எடுப்பது என்றால் தொடுவது. தொட்டு அளந்து, வீட்டுக்குள் வைத்துத் தைத்து, திருப்பிக் கொடுக்கிற துணியை உடம்பில் போட்டுக்கொள்வது. இந்தத் திட்டத்தைத் தீட்டிய அதிகாரிக்கு இது தெரியாதா? தெரியும். அவர் வீட்டிலும் தையல்காரர் யார் என்று விசாரித்துத்தான் துணி போகும். சந்தை என்பது சாதிக்கு வெளியே எங்கோ ஆகாயத்தில் நடக்கிற மாதிரி இவர்கள் திட்டம் போடுகிறார்கள். 2018இல் அவிநாசிப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்கப் போன அருந்ததியர் பெண்ணுக்கு என்ன நடந்தது? சமைக்கத் தெரியும், சர்க்கார் ஆர்டர் கையில் இருக்கிறது, ஆண்டுக்கணக்கில் அனுபவமும் இருக்கிறது. 'நீ சமைச்சா எங்க பிள்ளைங்க சாப்பிடாது' என்று ஆதிக்க சாதியார் பள்ளிக்கூடத்தை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம், அந்த அம்மாவுக்கு மாறுதல் போட்டது. போராட்டம் கிளம்பிய பிறகுதான் மாறுதல் ரத்தானது. அந்த அம்மாவுக்கு இன்னும் மூணு மாசம் சமையல் பயிற்சி கொடுத்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா?

திருப்பூர் கம்பெனிக்குப் போகலாமே என்பார்கள். எங்கள் பெண்கள் போய்த்தான் பார்த்தார்கள். இங்கே பழகியது காலால் மிதிக்கிற வீட்டு மிஷின். அங்கே ஓடுவது பவர் மிஷின், தொட்டால் பறக்கும். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி காலர் தைப்பாள், முழுச்சட்டை யாரும் தைப்பதில்லை. சான்றிதழை வாங்கிப் பார்த்த சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, ஹெல்பராகப் போட்டுக்கொண்டான். நூல் வெட்டுகிற வேலை. அதற்கு எதற்கு மூன்று மாதப் பயிற்சி, எதற்கு சர்க்கார் காசு?

இது ஏதோ எங்கள் தெருவின் துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பணம் போகிற வழியே அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கிறது. 2015இல் மைய அரசு குறுகிய காலப் பயிற்சிகளுக்கெல்லாம் ஒரு பொதுக் கட்டண விதி கொண்டுவந்தது. பயிற்சி கொடுக்கிற ஏஜென்சிக்குத் தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. அதில் 30 விழுக்காடு வகுப்பு தொடங்கியதும் வந்துவிடும். 50 விழுக்காடு சான்றிதழ் கொடுத்ததும் வந்துவிடும். கடைசி 20 விழுக்காடுதான் படித்தவன் வேலைக்குப் போனதைப் பொறுத்தது. ஆக, ஒரு பயலுக்கும் வேலை கிடைக்காவிட்டாலும் நூற்றுக்கு எண்பது ரூபாய் ஏஜென்சிக்கு உறுதி. அவன் வேலை தேடிக் கொடுக்க ஏன் அலையப் போகிறான்? அடுத்த கிராமத்தில் அடுத்த பேட்ச்சுக்குத் தலை எண்ணப் போய்விடுவான். பிரதமர் பேரில் நடக்கிற கவுசல் விகாஸ் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் இந்தத் தொந்தரவும் இல்லை. முதல் மூன்று கட்டங்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று ஒரு கணக்காவது பின்தொடர்ந்தார்கள். நான்காம் கட்டத்தில், பயிற்சி பெற்றவர்கள் தங்கள் பாதையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இதே திட்டத்தைப் பற்றியதுதான். பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில், நூற்றில் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் வெற்றிடம் அல்லது சுழி. எழுதியிருந்த சிலவற்றிலும் ஒன்று ஒன்று ஒன்று என்று வரிசையாகத் தட்டியிருந்தார்கள். ஒரே போட்டோ பல பேருக்கு. நம்ம ஆளு தாட்கோவில் ஒரு கறவை மாட்டு லோனுக்குப் போனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, அதற்கு மேல் பேங்கு மேனேஜரின் மூஞ்சி என்று எட்டு மாதம் அலைய விடுகிற அதே சர்க்கார்தான் இதுவும்.

இந்த நாட்டில் தொழில் உண்மையில் எப்படிக் கைமாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன் எங்கே படித்தான்? பெரும்பாலும் மாமன் பட்டறையில். பதினாறு வயதில் அங்கே போய் நிற்பான். முதல் வருசம் கூட்டுவான், டீ வாங்குவான். இரண்டாம் வருசம் பீஸ் பிடிப்பான். நான்காம் வருசம் அளவு பார்ப்பான். அப்புறம் மாமனே ஒரு பழைய லேத்தைத் தள்ளிக் கொடுத்து, 'நீ தனியா போட்டுக்கடா, ஆர்டர் நான் தர்றேன்' என்பான். கடன், ஆர்டர், கடைவாசல் எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே கிடைக்கும். விவசாய சாதிகள் நிலத்திலிருந்து ஃபவுண்டரிக்கும் பனியன் கம்பெனிக்கும் நகர்ந்தது இந்தச் சொந்தத்தின் தோளில் ஏறித்தான். நகை வேலை, மர வேலை, அச்சாபீசு, ஓட்டல், பலசரக்கு எதை எடுத்தாலும் உள்ளே ஒரு மாமன் உட்கார்ந்திருப்பான். அவன் கொடுப்பது பயிற்சி மட்டுமல்ல. சேர்க்கையும் சம்பளமும் முதலும் வாடிக்கையும் ஒரே பொட்டலமாக அங்கே கிடைக்கிறது.

நமக்கு மாமன் இருக்கிறான். பட்டறை இல்லை.

பொதுப்பணத்தில் தொழிற்பயிற்சி எதற்கு என்று என்னைக் கேட்டால், இதற்குத்தான் என்பேன். மாமன் பட்டறை இல்லாதவனுக்கு சர்க்கார்தான் மாமன் பட்டறையாக இருக்க வேண்டும். அப்படியானால் மாமன் கொடுக்கிற மொத்தப் பொட்டலத்தையும் அது கொடுக்க வேண்டும். இப்போது சர்க்கார் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, காகிதத்தை மட்டும் நம்மிடம் நீட்டுகிறது.

நானே அய்.டி.அய்.யில் ஃபிட்டர் படித்தவன். இரண்டு வருசம் படித்துவிட்டு ஒரு வருசம் அப்பரண்டிசாக ஒரு கம்பெனியில் இருந்தேன். பேர் வேண்டாம். எங்கள் பேட்ச்சில் பதினான்கு பேர். வருசம் முடிந்ததும் மூன்று பேரை வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று பேருக்கும் உள்ளே சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். மார்க்கில் அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் எங்களில் அய்ந்து பேர். 'வேக்கன்சி இருந்தா லெட்டர் போடறோம்' என்றார்கள். நான் இப்போது வீடுகளுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். ஊர்த்தெருவில் மோட்டாரைக் கழற்றிக் கிணற்று மேட்டிலேயே கொண்டுவந்து தருவார்கள். வீட்டுக்குள் இருக்கிற மிக்சியை ரிப்பேர் பார்க்க இன்னொருவன் போவான்.

அப்பரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்று ஒரு பிரிவே உண்டு. எத்தனை கம்பெனி கேட்டில் அந்தக் கணக்கை ஒட்டி வைத்திருக்கிறார்கள்? அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அப்பரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயில்பவன். தொழிலாளர் சட்டம் அவனுக்குப் பொருந்தாது. மில் முதலாளிகளுக்கு இந்த வார்த்தை வெல்லக்கட்டி. சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்து, திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர் நூற்பாலைகளில் நம் பெண்பிள்ளைகளை மூன்று வருசம் விடுதியில் அடைத்து வைத்தது இந்த 'பயில்பவர்' என்ற சொல்லை வைத்துத்தான். நூல் இழுக்கவும் முடி போடவும் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். மூன்று வருசத்துக்கும் பயிற்சிச் சம்பளம். பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் சிலர் பயப்படுவதற்கு இதுதான் காரணம். நெய்வேலியில் அப்பரண்டிஸ் முடித்துவிட்டு வேலை கேட்டுப் பல வருசமாகப் போராடுகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

அம்பேத்கர் இதையெல்லாம் எண்பது வருசத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்த சில மாதத்திலேயே, தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை எழுதி லின்லித்கோவிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை, வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் என்று கேட்டார். அதன் பலனாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். நம்மில் பலர் கல்லூரி வாசல் மிதித்த உதவித்தொகைக்கு அதுதான் விதை. இதைப் பற்றி நம் மேடைகளில் பேசுகிறோம். அதே விண்ணப்பத்தில் அவர் கேட்ட இன்னொன்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. அரசாங்க அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளை அப்பரண்டிசாக எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கவனியுங்கள். தனியாக ஒரு கொட்டகை போட்டு ரயில் பெட்டி செய்யக் கற்றுக்கொடு என்று கேட்கவில்லை. பெட்டி செய்கிற பட்டறைக்குள்ளேயே எடுத்துக்கொள் என்றார். அச்சு ஓடுகிற இடத்தில், சம்பளம் நடக்கிற இடத்தில், யூனியன் இருக்கிற இடத்தில். இடம்தான் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இழுத்த கை எது என்றும் நமக்குத் தெரியும். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக வெட்டி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். குலக்கல்வி என்று பெரியார் அதன் முகத்திரையைக் கிழித்தார். 1954இல் ராஜாஜியும் போனார், திட்டமும் போனது. ஆனால் அந்தப் புத்தி சாகவில்லை. 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் என்று மைய அரசு கொண்டுவந்தது. 18 தொழில்கள். செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது, முடி வெட்டுவது, கூடை பின்னுவது எல்லாம் அதில் உண்டு. அய்ந்தாறு நாள் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய், 15,000 ரூபாய்க்குக் கருவி, முதலில் ஒரு லட்சம் கடன். குரு சிஷ்யப் பரம்பரையையும் குடும்ப வழியாக வருகிற தொழிலையும் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பன் செருப்புத் தைக்கும்போது எவனும் அவரை குரு என்று கூப்பிட்டதில்லை.

தமிழ்நாட்டு அரசு அதை ஏற்க மறுத்தது சரியான காரியம். அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். 25 தொழில்கள், எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் எந்தத் தொழிலுக்கும் வரலாம், வயது 35க்கு மேல். பதினெட்டு வயதுப் பிள்ளையைப் படிப்பிலிருந்து இழுத்து அப்பன் தொழிலில் தள்ளாது என்ற வகையில் நல்லது. ஆனால் நான் கேட்பது வேறு. பதினெட்டு வயதுப் பிள்ளையை அப்பன் தொழிலில் தள்ளாமல் காப்பாற்றிவிட்டீர்கள். அவன் எங்கே போவான் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? 71 அரசு அய்.டி.அய்.களை 2,877 கோடி ரூபாயில் டாட்டா கம்பெனியோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ, கம்ப்யூட்டர் லேத் எல்லாம் வந்திருக்கிறது. மெச்சத்தான் வேண்டும், நான் படித்த காலத்தில் வெர்னியர் அளவுகோலே நாலு பேருக்கு ஒன்றுதான். அந்தப் புது மிஷின் முன்னால் நிற்கிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், முடித்த பிறகு எந்தக் கம்பெனி வாசலுக்குள் போனார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு அய்.டி.அய். வாசலிலும் எழுதிப் போடட்டும். புள்ளிவிவரம் வந்தால் பேசலாம்.

இந்த எல்லாப் பம்மாத்தும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் துப்புரவுத் தொழிலாளர் பக்கம் திரும்ப வேண்டும். கையால் மலம் அள்ளுவோரை அடையாளம் காணும் கணக்கெடுப்புகளில் நாடு முழுக்க 58,098 பேர் பதிவானார்கள். சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதி. 2013 சட்டம் இவர்களுக்கு மாற்றுத் தொழிலில் பயிற்சி தர வேண்டும், பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. மாதம் 3,000 ரூபாய்! எங்கள் பக்கம் சித்தாள் வேலைக்குப் போனால் ஒரு வாரத்தில் அதைப் பார்த்துவிடலாம். அடுப்பெரிய வேண்டிய வீட்டில், மூவாயிரத்தை நம்பி எவள் பயிற்சிக்குப் போவாள்? பயிற்சிக்கு ஆளே வரவில்லை, இவர்களுக்கு முன்னேற ஆசையில்லை என்று அப்புறம் குறிப்பெழுதுவார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் பெண்கள். கேட்டது ஒன்றுதான்: வருசக்கணக்கில் பார்க்கிற இதே வேலையை நிரந்தரமாக்கு. ராத்திரியில் போலீசை விட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி நலத்திட்டங்களை அறிவித்தது. காலைச் சிற்றுண்டி, காப்பீடு, கூடவே அவர்கள் குடும்பத்தினர் சுயதொழில் தொடங்க மானியம், 35 விழுக்காடு, 3.5 லட்சம் வரைக்கும். பார்க்கிற வேலைக்கு உத்தரவாதம் கேட்டவர்களிடம், நீ முதலாளி ஆகிக்கொள் என்கிறார்கள். சர்க்காரின் வேலைவாய்ப்புக் கொள்கை என்பது இதுதான்: தன்னிடம் இருக்கிற வேலையைக் காண்டிராக்டருக்குக் கொடுப்பது, இல்லாத வேலைக்கு நமக்குப் பயிற்சி கொடுப்பது.

இங்கே நம் தோழர்களிலேயே சிலர் குறுக்கே வருவார்கள். 'சர்க்கார் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நாமும் வியாபாரம், கம்பெனி என்று போக வேண்டாமா? பயிற்சியையே குறை சொன்னால் வருகிறதும் நின்றுவிடும்' என்பார்கள். நியாயமான பயம்தான். பயிற்சிப் பணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, இரண்டு மடங்காக்கு என்கிறேன். தாட்கோ 1974இல் வீடு கட்டித் தரத் தொடங்கிய நிறுவனம், பிறகுதான் தொழில் கடனுக்கு வந்தது. அண்மை ஆண்டுகளில் அது விமான நிலைய வேலை, அழகுக்கலை என்றெல்லாம் விடுதியோடு பயிற்சி அறிவிக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி அப்படிப் போய் இப்போது நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்குப் பலித்தது எதனால்? பயிற்சி கொடுத்த இடத்துக்கும் வேலை கொடுத்த இடத்துக்கும் நடுவில் ஒரு கதவு திறந்திருந்தது. சமுதாயக் கூடத்துத் தையல் வகுப்புக்கு அந்தக் கதவு கிடையாது, சுவர்தான்.

ஆகவே நான் கேட்கிற பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? அரசுப் பேருந்துப் பணிமனை எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது. மின்வாரிய ஆபீசு இருக்கிறது. ஆவின் குளிரூட்டு நிலையம் இருக்கிறது. குடிநீர் வாரிய மோட்டார் ரூம் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஆள் பற்றாக்குறை, எல்லா இடத்திலும் காண்டிராக்ட். அங்கேயே எங்கள் பிள்ளைகளைத் துணைத்திட்டப் பணத்தில் இரண்டு வருசம் பயில வை. சித்தாள் கூலிக்குக் குறையாத உதவித்தொகை கொடு. முடித்தால் அதே இடத்தில் வேலை என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடு. தனியார் கம்பெனிக்குப் பயிற்சி மானியம் தருகிறாயா, அதே கம்பெனி எத்தனை பேரை நிரந்தரமாக வைத்துக்கொண்டது என்று பார்த்து அப்புறம் பணத்தை விடு. முப்பது, அய்ம்பது, இருபது என்ற அந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போடு. தொழில் தொடங்குகிறவளுக்கு மிஷின் மட்டும் கொடுத்துவிட்டு ஓடாதே. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஆர்டரை, ஆஸ்பத்திரிப் போர்வை தைக்கிற ஆர்டரை அவளுக்குக் கொடு. ஊர்த்தெரு அளவு கொடுக்காவிட்டால் போகட்டும், சர்க்கார் அளவு கொடுக்கலாமே. சர்க்காருக்குமா தீட்டு?

கணக்கைச் சொல்கிற இடமும் மாற வேண்டும். கிராமசபையை ஊர்க் கோயில் பக்கத்தில் வைத்தால் நம் பெண்கள் ஓரமாக நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். தொழிற்பயிற்சிக் கணக்கை நம் தெருவில் வைத்து வாசிக்கச் சொல்வோம். யார் பேரில் பயிற்சி நடந்தது, தலைக்கு எவ்வளவு போனது, எந்த ஏஜென்சி வாங்கியது, இப்போது அவர் எங்கே வேலை செய்கிறார். என் அண்ணி பேரை வாசிக்கும்போது அவரே எழுந்து பதில் சொல்லட்டும்.

இதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் ஏழு பேர் சேர்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஏழில் நாலு பேர் பெண்கள், நாலு பேரும் தையல் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். கடந்த பத்து வருசத்தில் எங்கள் ஊராட்சியில் பட்டியல் சாதியினர் பேரில் நடந்த பயிற்சிகள் எத்தனை, செலவு எவ்வளவு, பட்டியல் எங்கே என்று மூன்று கேள்விதான். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, மாவட்ட ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. முப்பது நாள் கெடு. உங்கள் ஊரிலும் இதே மூன்று கேள்வியை எழுதிப் போடுங்கள். எங்களுக்கு வருகிற பதிலை அடுத்த இதழுக்கு அனுப்புகிறேன், பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவின் நகலை அனுப்புகிறேன்.